போடி லைன் கரி வண்டி: ஏறினவங்க, ஓட்டினவங்க வீட்டுக்காரங்க வந்து சொல்லுங்க

உசிலம்பட்டியான்:
கரி இன்ஜின் பேச்சை எடுத்தாலே 'குப் குப்'னு ஆரம்பிச்சு, கண்ணுல தூசி விழுந்த கதையோட முடிச்சிடுறாங்க. அதுக்கு மேல தெரிஞ்சவங்க எழுதுங்க. முதல்ல லைனோட ஜாதகத்தை நானே போட்டுடுறேன். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், சுமார் 90 கிலோமீட்டர். 1928 நவம்பர்ல சவுத் இந்தியன் ரயில்வே திறந்தது. 1942ல் போருக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தையே கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மறுபடி வண்டி வந்தது ஐம்பதுகள்லதான். எங்க அப்பத்தா நடுவுல அந்த வருஷங்கள்ல வாக்கப்பட்டு வந்தது. "மேடு மட்டும் நீளமாக் கிடக்கும், ஆடு மேய்க்கத் தோது"னு சொல்லும். திரும்ப 2010 கடைசியில அகலப்பாதைக்குன்னு நிறுத்தினாங்க; தேனிக்கு 2022லயும் போடிக்கு 2023லயும்தான் ரயில் வந்துச்சு. ரெண்டு தடவையும் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். இந்த ஊர்க்காரன் ரயிலை நம்பாம பஸ்ஸையே பார்த்து நிக்கிறான்னா சும்மாவா?

கூடல்நகர்க்காரன்:
எங்கய்யா மதுரை இன்ஜின் ஷெட்ல ஃபயர்மேனா, அதாவது இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுறவரா இருந்தவரு. அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் எழுதுறேன்.

கரி அள்ளிப் போடுறதுன்னா நெருப்புல கொட்டுறதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்படிக் கொட்டினா நெருப்பு அமிஞ்சு கறுப்புப் புகை கக்கும். புகைபோக்கியைப் பார்த்தே ஃபயர்மேன் கை எப்படின்னு ஸ்டேஷன்ல நிக்கிறவங்க சொல்லிடுவாங்களாம். மண்வெட்டியைக் கதவுக்குள்ள விட்டு மணிக்கட்டைத் திருப்பி, பக்கத்துக்குக் கொஞ்சம், பின்மூலைக்குக் கொஞ்சம்னு மெல்லிசாப் பரத்தணும். கதவை உடனே சாத்தணும். இல்லேன்னா குளிர்ந்த காத்து உள்ள போய் ஆவி இறங்கிடும். இதையெல்லாம் ஆடுற தட்டுமேல நின்னுக்கிட்டுச் செய்யணும். ஐயாவுக்கு வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். டைலர் ஒவ்வொரு தடவையும் அளவெடுத்துட்டு இன்னொரு வாட்டி அளப்பாரு.

அவர் பயந்தது நெருப்புக்கு இல்லை, தண்ணிக்கு. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றம் தெரியும்ல? ஏறும்போது இன்ஜின் மூக்கு மேல தூக்கி இருக்கும். பாயிலர் தண்ணியெல்லாம் பின்னால நெருப்புப் பெட்டிப் பக்கம் வந்து நிக்கும். பாயிலர் தண்ணி அளவு காட்டுற கண்ணாடிக் குழாய்ல மட்டம் நல்லா இருக்கிற மாதிரி காட்டும். அதை நம்பி அசந்தா தீர்ந்துச்சு. கணவாய் உச்சி தாண்டி மூக்கு கீழ சாஞ்சதும் தண்ணி முன்னால ஓடிடும், குழாய்ல மட்டம் சட்டுனு விழும். நெருப்புப் பெட்டியோட மேல்தகடு தண்ணியில்லாம நெருப்புல காஞ்சா பாயிலர் வெடிக்கிற அளவுக்கு ஆபத்து. அதனாலதான் அந்தத் தகட்டுல ஈயம் வச்ச அடைப்பு ஒண்ணு இருக்கும். சூடு ஏறினா ஈயம் உருகி, ஆவி நெருப்பு மேல பாய்ஞ்சு அமத்திடும். உயிர் தப்பும், ஆனா வண்டி நடுவழியில நிக்கும், விசாரணை வரும். ஈயம் உருகவிட்ட ஃபயர்மேன்னு பேர் வாங்குறது அவங்க மத்தியில பெரிய அவமானம். அதனால உச்சிக்கு முன்னாடியே பாயிலருக்குத் தண்ணி ஏத்துற இன்ஜெக்டரைத் திறந்து பச்சைத் தண்ணியை ஏத்திடணும். ஏத்தினா ஆவி குறையும், ஏற்றத்துல வண்டி திணறும். ஏத்தாட்டி இறக்கத்துல ஆபத்து. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஐயா வேலை பார்த்தாரு.

தேனி அக்கா:
தம்பி, உங்க ஐயா உழைப்புக்குக் கும்பிடு. ஆனா பயணிகள் பக்கத்தையும் ஒருத்தி சொல்லணும்ல. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனா வெள்ளை ரவிக்கை போடக் கூடாதுன்னு எங்க வீட்டுல சட்டம். டீசல் வந்தப்ப நாங்க யாரும் அழலை. இப்பத்தான் எல்லாரும் உருகுறாங்க.

போடி ஏலக்காய்க் கடை:
ஏன் இந்த லைன் வந்துச்சுன்னும் ஒரு வார்த்தை. 1875ல் திருச்சி–மதுரைப் பாதை திறந்தப்ப நமக்குக் கிட்டத்துல இருந்த ஸ்டேஷன் அம்மையநாயக்கனூர், இப்போதைய கொடைக்கானல் ரோடு. பெரியாறு அணை கட்டினப்ப சாமான்கள் அங்க இறங்கி மாட்டு வண்டியிலதான் கம்பம் பள்ளத்தாக்கு வழியா மலையேறுச்சு. போடிக்கு மேல இருந்த கதை இன்னும் சுவாரசியம். மூணாறு தேயிலை மலை விளிம்புல இருக்கிற டாப் ஸ்டேஷன் வரைக்கும் வர 1902ல் ஒத்தைத் தண்டவாள வண்டி போட்டாங்க. அதை மாடு இழுத்துச்சு. 1908ல் அதை எடுத்துட்டு இரண்டடி அகலப் பாதை போட்டாங்க, சின்ன ஆவி இன்ஜின் ஓடுச்சு. டாப் ஸ்டேஷன்ல இருந்து மலையடிவாரத்துல கொட்டகுடிக்கு ரோப்வே, அங்கிருந்து போடி. 1924 வெள்ளத்துல அந்த ரயில் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, திரும்பக் கட்டவே இல்லை. நாலு வருஷம் கழிச்சுத்தான் கீழ நம்ம ஊருக்கு ரயில் வருது. மேல ஒண்ணு இருந்தப்ப கீழ ஒண்ணு இல்லை, கீழ வந்தப்ப மேல இல்லை! டாப் ஸ்டேஷன்ல நின்னு செல்ஃபி எடுக்கிற பிள்ளைங்க எத்தனை பேருக்கு அது ரயில் ஸ்டேஷன்னு தெரியும்?

உசிலம்பட்டியான்:
கூடல்நகர் அண்ணே, ஒய்.பி., ஒய்.ஜி.ன்னு ரெண்டு இன்ஜின் சொல்றாங்களே, பார்த்தா எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

கூடல்நகர்க்காரன்:
சக்கரத்தைப் பாருங்க தம்பி. ஒய்.பி. பயணிகள் வண்டிக்கு, பெரிய சக்கரம் மூணு ஜோடி, நாலரை அடி விட்டம், வேகத்துக்கு. ஒய்.ஜி. சரக்குக்கு, நாலு ஜோடி, நாலடி, இழுவைக்கு. பாயிலர் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டுமே ஜாம்ஷெட்பூர்ல டாடாவோட டெல்கோ தொழிற்சாலையில நிறையச் செஞ்சாங்க. ஏற்றத்துல ஒய்.ஜி. கிடைச்சா ஐயாவுக்குச் சந்தோஷம். மழை நாள்ல எதுவா இருந்தாலும் சக்கரம் வழுக்கும், மணல் பெட்டியைத் திறந்து தண்டவாளத்துல மணல் விடுவாங்க.

இன்னொண்ணு, தேனி அக்காவுக்கு: ஷெட்ல சாம்பல் குழியில கொட்டுற பாதி வெந்த கரியைப் பொறுக்கிட்டுப் போக எங்க தெருப் பொம்பளைங்க கூடையோட காத்திருப்பாங்க. இஸ்திரிக் கடைக்கும் டீக்கடை அடுப்புக்கும் விக்கிறது. டீசல் வந்தப்ப அவங்கதான் அழுதாங்க.

தேனி அக்கா:
அது சரி. அதை நான் யோசிக்கலை.