கோத்தகிரிப் பையனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் டிஃபென்ஸில் வழி உண்டா?

கேத்தி_கேரட்
அக்கா மகன், கோத்தகிரியில் பதினொன்றாம் வகுப்பு. ஆறடி ஒரு அங்குலம், 88 கிலோ. பள்ளி கபடி டீமில் கார்னர். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் டிஃபென்ஸிவ் எண்ட் (தடுப்பு முன்வரிசையின் ஓரத்து ஆள்) ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மலையில் வளர்ந்த நுரையீரல் கைகொடுக்கும் என்கிறான். வழி எது? போனாலும் அந்த வேலை எத்தனை வருஷம் நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தொட்டபெட்டா_2637
நுரையீரல் கதையை முதலில் விட்டுவிடச் சொல்லுங்க. ஒரு பிளே (ஒருமுறை பந்து கிளம்பி நிற்கும்வரை) ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மூச்சு வாங்க நேரமிருக்கு. ஊட்டி உயரத்தில் உடம்பு பழகியது சமவெளிக்குப் போனால் சில வாரத்தில் கரைந்தும் போகும். டிஃபென்ஸ்காரனுக்கு வேண்டியது முதல் இரண்டு அடியின் வேகம்.

டிராஃப்டுக்கு (அணிகள் புது வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) வர, பள்ளி முடித்து மூன்று வருஷமாவது ஆகியிருக்கணும். அதனால் அமெரிக்கக் கல்லூரிதான் நேர்வழி. கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட ஒன்பதாம் வகுப்பிலிருந்து 16 முக்கியப் பாடங்களின் மதிப்பெண் கேட்பார்கள். நம் ஊரில் பத்து, பன்னிரண்டு சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டைத் தொலைத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். பள்ளி முத்திரையோடு இப்போதே வாங்கி வைங்க.

தாமதமாகத் தொடங்கியது தடையில்லை. கானாவில் பிறந்த எசக்கியேல் அன்சா 2010-இல்தான் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இந்த ஆட்டத்தைத் தொட்டார். 2013 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. ஆனால் அவர் ஆறடி ஐந்து அங்குலம், 120 கிலோவுக்கு மேல். 88 கிலோவில் டிஃபென்ஸிவ் எண்ட் என்றால் பந்து எறிபவரைக் காக்க எதிரே நிற்கும் 140 கிலோ டேக்கிள் தூக்கி ஓரம் வைத்துவிடுவான். உங்கள் பையன் தடுப்பின் கடைசி வரிசையான சேஃப்டி இடத்தைப் பார்க்கட்டும். உடம்பு ஏறினால் நடு வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்.

ரன்னிமேடு_பாசஞ்சர்
வேலை நிலைக்குமா என்று கேட்டீங்களே, நிஜக் கேள்வி அதுதான். பயிற்சி முகாமில் 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகும். நான்கு சீசன் கணக்கு சேராதவனை நீக்கினால் பெயர் வெய்வர் பட்டியலுக்குப் போகும், மற்ற அணிகள் கேட்க ஒரு நாள் அவகாசம். யாரும் கேட்காவிட்டால் அணியோடு பயிற்சி மட்டும் செய்யும் பிராக்டிஸ் ஸ்குவாடில் இடம் கிடைக்கலாம். அங்கிருந்து ஒரு சீசனில் மூன்று ஆட்டத்துக்குத்தான் மேலே ஏற்றலாம், நான்காவதுக்கு 53-க்குள் எடுத்தாகணும்.

டிராஃப்டில் தேர்வானவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு வருஷம். ஆனால் ஏலச்சீட்டு மாதிரி, எழுதிய தொகை வேறு, கைக்கு வருவது வேறு. முதல் சுற்றில் வந்தவனுக்கு உத்தரவாதத் தொகை பெரிது, ஏழாம் சுற்றுக்காரனுக்குக் கையெழுத்துப் பணம் தவிர உத்தரவாதம் சொற்பம். ஓய்வூதியத் தகுதிக்கே மூன்று சீசன் சேரணும்.

முதல் வரிசையில் இல்லாத லைன்பேக்கரும் சேஃப்டியும் பிழைப்பது ஸ்பெஷல் டீம்ஸில். பந்தை உதைத்து அனுப்பும் பன்ட், கிக்ஆஃப் சமயத்தில் ஓடிப்போய் பந்து பிடித்தவனை மடக்குகிறவனைப் பயிற்சியாளர் லேசில் விடமாட்டார். ஜேம்ஸ் ஹாரிசனை 2002-இல் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை, பலமுறை நீக்கவும் செய்தார்கள். அவரே 2008-இன் சிறந்த டிஃபென்ஸ் வீரர்.

கல்லூரி அமையாவிட்டால் 2017-இல் தொடங்கிய சர்வதேச வீரர் திட்டம் இருக்கு. லண்டனில் ஆடிய எஃபே ஒபாடா அதன் வழியே கரோலினாவுக்குப் போய் 2018-இல் 53-க்குள் நுழைந்தார். 2024 முதல் 32 அணிகளுக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் வெளிநாட்டு வீரருக்கென்று கூடுதலாக ஒரு இடம்.

கொண்டை_ஊசி_36
ரெண்டு பேரும் கபடிப் பழக்கத்தைத் தொடவே இல்லையே. கார்னர்காரன் கணுக்காலைப் பிடிக்கத் தலையை முன்னால் நீட்டிப் பாய்வான். இந்த ஆட்டத்தில் அது கழுத்துக்கே உலை. தலை குனிந்தால் கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகிவிடும், மோதலின் முழு அழுத்தமும் தண்டுவடத்தில் இறங்கும். தலையைத் தாழ்த்தி மோதினால் 2018 முதல் 15 யார்ட் தண்டனையும் உண்டு.

கற்றுக்கொடுக்கும் வரிசை: முதலில் முட்டிபோட்டு, மெத்தை மேல். முகவாய் நிமிர்ந்து, கண் எதிராளியின் இடுப்பில். தோள் அவன் தொடையில் பதியணும், தலை பக்கவாட்டில். கை சுற்றி முட்டிக்குப் பின்னால் பூட்டணும், பிறகு கால் ஓயாமல் தள்ளணும். அது சரியான பிறகுதான் நின்றபடி, பிறகு நடந்தபடி. நேரே ஓடவிட்டால் கபடிப் பாய்ச்சல் தானாக வந்துவிடும்.

வேகத்துக்குச் சரிவு இருக்கவே இருக்கு. 15 மீட்டர் ஏற்றம், ஆறு முறை, இறங்கும்போது நடை. மழையில் கிக்குயு புல் வழுக்கும், ஸ்டட்ஸ் இல்லாமல் திரும்பும் பயிற்சி வேண்டாம்.

கேத்தி_கேரட்
ரொம்ப நன்றிங்க. கபடிப் பாய்ச்சல் விஷயம் யோசிக்கவே இல்லை. ஹெல்மெட், பேட் கிடைக்கும்வரை என்ன ஆடுவான்?

கொண்டை_ஊசி_36
ஃப்ளாக் ஃபுட்பால். பக்கத்துக்கு ஐந்து பேர், இடுப்பில் இரண்டு ரிப்பன், அதை உருவினால் ஆளை மடக்கியதாகக் கணக்கு, மோதல் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் உண்டு. நீளம் 64 மீட்டர், அகலம் 23 இருந்தால் போதும், மலைப் பள்ளி மைதானத்தில் அடங்கிவிடும். அவனை ரஷராக (பந்து எறிபவனை நோக்கிப் பாய்கிறவன்) நிறுத்துங்க. பந்து கிளம்பும் கோட்டிலிருந்து ஏழு யார்ட் பின்னால் நின்று பந்து கிளம்பியதும் பாயணும். கண் ரிப்பனில் இருக்கட்டும், தோளைப் பார்த்தால் ஏமாற்றிவிடுவார்கள். சட்டையைப் பிடித்தால் தண்டனை. கபடிக்காரர்கள் முதலில் மாட்டுவது அதில்தான்.