வலி நின்னுடுச்சுன்னா கல் போயிடுச்சா? பார்த்ததைச் சொல்லுங்க

சிறுநீரியல் வார்டு செவிலியர்

"ரெண்டு நாள் துடிச்சேன் சிஸ்டர், அப்புறம் தானா சரியாயிடுச்சு." கல்லடைப்போட வர்றவங்க வாயிலிருந்து அடிக்கடி விழுற வார்த்தை இது. அப்படி விட்டவங்க சில மாசம் கழிச்சு வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது, அந்தப் பக்கக் கிட்னி தண்ணிப் பையா வீங்கி, சதை மெலிஞ்சு கிடக்கும்.

சிறுநீர் அடைபட்டு உள்ளே அழுத்தம் திடீர்னு ஏறி, குழாயும் கிட்னியோட உறையும் இழுபடுறதால்தான் அந்த வலி. அடைப்பு நீடிச்சா அந்தப் பக்கத்துக்கு ரத்த ஓட்டம் சுருங்கும், சிறுநீர் ஊறுறது குறையும், அழுத்தமும் இறங்கும். வலி போயிடும், கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கினா வடிகட்டும் திறன் பெரும்பாலும் திரும்பிடும். ஆறு வாரம் தாண்டினா திரும்புறது சொற்பம்னு விலங்குச் சோதனைகள்லயே தெரிஞ்சது. அதனாலதான் மாத்திரை குடுத்து "கல் இறங்குதா பார்ப்போம்"னு காத்திருக்கிறதுக்கும் நாலிலிருந்து ஆறு வாரம்னு கெடு வைக்கிறாங்க.

வலியோட காய்ச்சல், குளிர்நடுக்கம் வந்தா அந்தக் கெடு எல்லாம் கிடையாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. அடைபட்ட சிறுநீர்ல கிருமி சேர்ந்திருக்கும். டி.ஜே. ஸ்டென்ட் (கிட்னியிலிருந்து மூத்திரப் பை வரைக்கும் உள்ளே வைக்கிற மெல்லிய குழாய்) வைப்பாங்க, இல்லைன்னா முதுகுப் பக்கம் குழாய் போட்டு வடிய விடுவாங்க. "கல்லை ஏன் எடுக்கலை?"ன்னு வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அந்த நிலைமையில கல்லை உடைச்சா கிருமி ரத்தத்துல ஏறி, ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும்.

அல்ட்ராசவுண்ட் அறையிலிருந்து

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. சிறுநீர்க் குழாய் 25–30 செ.மீ. நீளம், உள்ளே 3–4 மி.மீ. அகலம்தான். கல் மாட்டுற இடம் மூணு: கிட்னியை விட்டு இறங்குற வாய், இடுப்பு ரத்தக் குழாயைத் தாண்டுற இடம், மூத்திரப் பைக்குள் நுழையுற இடம். நடுவுல இருக்கிற கல் குடல் வாயுவால அல்ட்ராசவுண்டுல மறைஞ்சிடும். ரிப்போர்ட்ல "லேசான வீக்கம், கல் தெரியவில்லை"ன்னு வந்தா பலர் "கல் இல்லை"ன்னு படிச்சுட்டுப் போயிடுறாங்க. வீக்கம் இருக்குன்னா அதுக்குக் காரணம் வேணுமில்லையா? அங்கேதான் மருந்து செலுத்தாத சாதா சி.டி. தேவைப்படுது. எக்ஸ்ரேல தெரியாத யூரிக் அமிலக் கல்லும் அதில் தெரிஞ்சிடும்.

தண்ணி குடிச்சுட்டு வரச் சொல்றது, பை நிறைஞ்சாத்தான் மூணாவது இடம் கண்ணுக்குப் படும்ங்கிறதால. ஆனா மூச்சு முட்ட நிறைஞ்சாலும் கிட்னி லேசா விரிஞ்சு தெரியும். சிறுநீர் கழிச்சுட்டு வரச் சொல்லி மறுபடி பார்க்கிறது அதனாலதான். எரிச்சல்படாதீங்க.

5 மி.மீ. வரைக்கும் உள்ள கல் மூணுல ரெண்டு தானா இறங்கிடும். 5–10 மி.மீ.ன்னா பாதிக்குப் பாதி.

ஆய்வக நுட்பர்

"கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டுற கழிவோட ரத்த அளவு) 0.9 தான், கிட்னி நல்லா இருக்கு"ன்னு நிம்மதியா கிளம்புறவங்களை நிறுத்திச் சொல்ல வேண்டியது: ஒரு கிட்னி முழுசா அடைபட்டாலும் இன்னொண்ணு ஈடுகட்டிடும். மொத்தத் திறன்ல பாதி போற வரைக்கும் அந்த எண் நார்மலுக்குள்ளேயே நிக்கலாம். எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பிரிச்சுக் காட்டுறது லேசான கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கிற டி.டி.பி.ஏ. மாதிரியான ஐசோடோப் ஸ்கேன்தான்.

கல் உருவாகிறது பத்தி: சிறுநீர்ல கால்சியமும் ஆக்சலேட்டும் (கீரை மாதிரி உணவுல இருக்கிற ஒரு பொருள்) கரையுற அளவைத் தாண்டினா படிகம் விழும். பெரும்பாலானவை வெளியே போயிடும். கிட்னியோட முகட்டுல ஏற்கெனவே கால்சியம் பாஸ்பேட் படிவு இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். 1930கள்ல அமெரிக்க அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் இதைக் கண்டு எழுதினார், படிவுக்கும் அவர் பெயரே நிலைச்சுடுச்சு. படிகம் ஒண்ணோட ஒண்ணு சேராம தடுக்கிறது சிறுநீர்ல இருக்கிற சிட்ரேட்.

யூரிக் அமிலக் கல்லின் கதை வேற. சிறுநீரின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல்னு காட்டுற எண்) 5.5-க்குக் கீழே இருந்தா அது விழும். பொட்டாசியம் சிட்ரேட் குடுத்து 6.5 பக்கம் வெச்சா கரையும், மருந்தால நல்லா கரையுற கல் இதுதான். கிட்னி திறன் குறைஞ்சவங்க இதைத் தாங்களா வாங்கிக் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும்.

வெளியே வந்த கல்லை வீசிடாதீங்க. மெல்லிய வடிகட்டியில சிறுநீரைப் பிடிங்க, காய வெச்சு மூடின டப்பாவுல கொண்டு வாங்க. 24 மணி நேரச் சிறுநீர் சோதனைன்னா காலையில முதல் சிறுநீரைக் கழிச்சுட்டு, அப்புறம் வர்றதையெல்லாம் சேர்த்து, மறுநாள் காலை அதே நேரச் சிறுநீரோட முடிக்கணும். ராத்திரி ஒரு தடவை மறந்து கழிவறையில விட்டாலும் கணக்கு கெட்டுடும்.

உணவியல் பிரிவு

கால்சியம் கல்னு சொன்னதும் பால், தயிரை நிறுத்துறாங்க. அது தலைகீழ் வைத்தியம். சாப்பாட்டோட போற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்டைக் கட்டி மலத்தோட அனுப்பிடும். பாலை நிறுத்தினா அந்த ஆக்சலேட் ரத்தத்துல ஏறி சிறுநீருக்கு வரும். குறைக்க வேண்டியது உப்பு. சோடியம் கூடினா சிறுநீர்ல கால்சியமும் கூடப் போகும், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்குல வரும். பாலக்கீரையும் பீட்ரூட்டும் அளவோட போதும்.

தண்ணியை லிட்டர்ல அளக்காதீங்க, வெளியே போற சிறுநீரை அளங்க. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போகணும். வெயில்ல வேலை செய்றவங்க மூணு லிட்டர் குடிச்சும் அது எட்டாது, வியர்வை தின்னுடும்.

வாழைத்தண்டு சாறா? குடிங்க, தண்ணியும் பொட்டாசியமும் கிடைக்கும். ஏற்கெனவே கட்டியான ஆக்சலேட் கல் அதனால கரையாது. "குடிச்சதும் 4 மி.மீ. கல் விழுந்துச்சு"ங்கிறதுல பாதிப் பெருமை கல்லோட அளவுக்குத்தான். இயற்கைன்னா கெடுதி இல்லைன்னு நினைக்கிறவங்களுக்குக் கேரளத்து இரும்பன் புளிங்கிற புளிப்புக் காய் ஒரு பாடம்: கொழுப்பு குறையும்னு பச்சையா பிழிஞ்சு குடிச்சவங்களுக்கு ஆக்சலேட் கிட்னிக்குள் படிஞ்சு, சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்கு.

சிறுநீரியல் வார்டு செவிலியர்

ஒண்ணு விட்டுப்போச்சு. டி.ஜே. ஸ்டென்ட் வெச்சுட்டு வலி இல்லைன்னு வராம இருந்துடுறாங்க. மூணு மாசம் தாண்டினா ஸ்டென்ட் மேலேயே கல் படிய ஆரம்பிக்கும், அப்புறம் இழுத்தா வராது, அதை எடுக்கவே தனி ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டுல எடுக்க வேண்டிய தேதி எழுதியிருக்கான்னு அங்கேயே பாருங்க, இல்லைன்னா எழுதச் சொல்லுங்க. தானா கல் விழுந்தவங்களும் சில வாரத்துல ஒரு ஸ்கேன் எடுத்து, வீக்கம் வடிஞ்சுதான்னு பார்த்துடுங்க.