பாஸ்வேர்ட் மேனேஜர்: எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தது எது

பழைய வண்ணாரப்பேட்டையில் கூட்டுக் குடும்பம் எங்களுடையது. கரண்ட் பில், தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ், எம்.சி. ரோட்டில் அண்ணன் நடத்துகிற துணிக்கடையின் ஜிஎஸ்டி என்று எல்லாப் பாஸ்வேர்டும் அப்பாவின் டைரியில்தான் இருந்தன, அதிலும் பாதி ஒரே பாஸ்வேர்டு, கடைசி எண் மட்டும் மாறும்.

எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துத் தருகிற ஆப்தான் பாஸ்வேர்ட் மேனேஜர். முதலில் அண்ணனுக்கு கீபாஸ்எக்ஸ்சி என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாமே பூட்டிய ஒரே ஃபைலாக நம்ம கம்ப்யூட்டரிலேயே இருக்கும், காசும் கிடையாது. ஆனால் கடை கம்ப்யூட்டரில் மாற்றியது போனுக்குத் தானாக வராது, ஃபைலை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தீபாவளி வியாபாரத்துக்கு நடுவில் யார் அதைச் செய்வது? அதனால் இதைத் தானாகவே செய்துவிடும் பிட்வார்டன் என்ற ஆப்புக்கு மாறினோம். இலவசக் கணக்கிலேயே எத்தனை போனில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஓப்பன் சோர்ஸ் வேறு, அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சோதிக்கலாம். குரோம் பிரவுசரிலேயே பாஸ்வேர்டு சேமிக்கும் வசதி இருக்கிறதே, அதுவே போதும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், டைரிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கூகுள் கணக்கு கைவிட்டுப் போனால் அத்தனையும் அதோடு போகும்.

பாஸ்வேர்ட் மேனேஜரின் அருமை எனக்குப் புரிந்தது அப்பாவால்தான். ‘கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்’ என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, லிங்க்கைத் தட்டினால் பேங்க் பக்கம் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. “ஏம்மா, இதுல பாஸ்வேர்டு தானா வர மாட்டேங்குதே, உன் ஆப் கெட்டுப்போச்சா?” என்று போனை நீட்டினார். மேலே முகவரியைப் பார்த்தால் பேங்க் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஏதோ ஒரு வார்த்தையும் ஒட்டியிருந்தன. நாம் பக்கத்தின் முகத்தைப் பார்க்கிறோம், ஆப் முகவரியைப் பார்க்கிறது. சேமித்த முகவரியோடு பொருந்தாவிட்டால் பாஸ்வேர்டை எடுத்து நீட்டவே நீட்டாது. அதனால் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் ஆட்டோஃபில்லை ஆன் பண்ணி வையுங்கள். அது வராத இடத்தில் காப்பி பேஸ்ட் பண்ணாதீர்கள்.

ஆப்பையே திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டைச் சின்னதாக வைத்துக் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர் கம்பெனிக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்த பெட்டகங்களையே நகலெடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன, ஆனால் தளங்களின் முகவரிகள் திறந்தே கிடந்தன. அப்படி ஒரு நகல் வெளியே போய்விட்டால் மிச்சமிருக்கும் காவல் அந்த ஒரே பாஸ்வேர்டுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து வார்த்தைகள் வைத்தோம். மறந்துபோனால் பிட்வார்டன் கம்பெனியே நினைத்தாலும் திறந்து தர முடியாது என்பதால் அதை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற கவரில் போட்டு, பீரோ லாக்கரில் வைத்திருக்கிறோம். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அம்மா திறக்க வேண்டுமே. சந்தா கட்டினால் நாம் சொல்கிற ஆளுக்கு அவசர அனுமதி தரும் வசதியும் உண்டு, எங்களுக்குத் தாளே போதும்.

அப்புறம், குரோமிலிருந்து மாற்றும்போது இறங்குகிற சிஎஸ்வி என்ற பட்டியல் ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும், வேலை முடிந்ததும் ரீசைக்கிள் பின் வரைக்கும் போய் அழித்துவிடுங்கள்.