வெள்ளிக் கொலுசு: 925 முத்திரையை நம்பலாமா?

கேள்வி: கொலுசில் '925' மட்டும் குத்தியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வெறும் எண்ணை யாரும் குத்தலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் கூட இருக்க வேண்டும். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் (பிஐஎஸ் தர முத்திரை) வெள்ளிக்கும் ஹெச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு இலக்க எழுத்து-எண் குறியீடு, வந்துவிட்டது. பிஐஎஸ் கேர் செயலியில் அதை அடித்து, நகை வகையும் தூய்மையும் கையிலிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பதில்: காந்தத்தை நம்பாதீங்க, வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகமும் அதில் ஒட்டாது. கொக்கியில் வளையம் உரசும் இடத்தை லென்ஸில் பாருங்க. மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் முலாம்தான். கறுப்பது போலிக்கு அடையாளமில்லை, கந்தகம் பட்டால் அசல் வெள்ளியும் கறுக்கும்.

பதில்: சலங்கைக் கொலுசில் பற்றுவைப்பு (துண்டுகளை உருக்கி ஒட்டும் இணைப்பு) அதிகம். பற்றில் வெள்ளி குறைவு என்பதால் உருக்கும்போது டச் (தூய்மை அளவு) இறங்கும். பில்லில் எடை, டச், செய்கூலி தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.