ஜூனியர் கோப்பை வாங்கும் பையன் கால்ஃப் டூரில் ஜெயிக்க எவ்வளவு காலம் ஆகும்?

வேளச்சேரி சித்தப்பா:
அண்ணன் பையனுக்கு 14 வயது. நந்தனம் காஸ்மோ கால்ஃப் கோர்ஸில் ஆடுகிறான், ஜூனியர் போட்டிகளில் கோப்பையும் வாங்கியிருக்கிறான். அண்ணன் இப்போதே அவன் ப்ரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரன், ஆகிவிட்ட மாதிரி பேசுகிறார், ஸ்கூலை நிறுத்திவிட்டுத் தனியாகப் பரீட்சை எழுத வைக்கலாம் என்கிறார். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான், அதில் அண்டர் 16, ரஞ்சி, ஐபிஎல் என்று ஒரு வழி கண்ணுக்குத் தெரியும். கால்ஃபில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஜூனியரில் கலக்கியவர்கள் எல்லாம் டூரில் ஜெயிக்கிறார்களா? அண்ணி என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்தொன்பதாவது குழி:
சார், தேர்ந்தெடுப்பவர் என்று யாரும் கிடையாது, எழுதிக்கொடுக்கும் ஸ்கோர் கார்டுதான் எல்லாம். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் அமெரிக்க ஜூனியர் அமெச்சூர் (ப்ரோ அல்லாதவர்களுக்கானது) பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் பள்ளிக்கூடப் பையனாகவே பிஜிஏ டூர் என்ற பெரிய ப்ரோ தொடரின் ஒரு போட்டியில் ஆடி கட் தாண்டினார், அதாவது பாதியில் கழிக்கப்படாமல் மீதி ரவுண்டுகளுக்கும் போனார், மட்டைப் பையைத் தூக்கியது அவருடைய அக்கா. எல்லோரும் அடுத்த டைகர் வுட்ஸ் வந்தாச்சு என்று நினைத்திருப்பார்கள். அவர் போனது டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு, நாலு வருடம் காலேஜ் டீமில் ஆடினார். 2018-ல்தான் ப்ரோ ஆனார், அதுவும் நேராகப் பெரிய டூருக்கு இல்லை, 2019 முழுக்க இரண்டாம் நிலை டூர். 2020-ல் ஒரு போட்டியில் ஒரே ரவுண்டில் 18 குழியையும் வெறும் 59 அடியில் முடித்தார், அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அப்போதும் கோப்பை வேறு ஒருவருக்குத்தான் போனது. முதல் வெற்றி 2022 பிப்ரவரியில், ஃபீனிக்ஸில், பாட்ரிக் கேன்ட்லேயுடன் சமன் ஆகி ப்ளேஆஃப், அதன் மூன்றாவது குழியில் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி முடித்தார். ஜூனியர் பட்டத்திலிருந்து எட்டரை வருடம். அதற்கப்புறம் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் மூன்று போட்டி ஜெயித்தார், அதில் ஒன்று கால்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ்.

அண்ணனிடம் இந்த எட்டரை வருடக் கணக்கைச் சொல்லுங்கள். கோப்பையை எல்லோரும் ஃபோட்டோ எடுக்கிறார்கள், நடுவில் இருக்கும் வருடங்களை யாரும் எடுப்பதில்லை.

டீ ஷாட் தினேஷ்:
எல்லோருக்கும் எட்டு வருடம் ஆகணும் என்று இல்லையே அண்ணா. நிக் டன்லப் 2021-ல் அதே ஜூனியர் பட்டம், 2023-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம், இரண்டையும் வாங்கியவர் டைகருக்கு அப்புறம் இவர் மட்டும்தான். 2024 ஜனவரியில் காலேஜ் மாணவனாகவே பிஜிஏ டூர் போட்டியை ஜெயித்தார், 1991-ல் ஃபில் மிக்கெல்சனுக்கு அப்புறம் எந்த அமெச்சூரும் செய்யாதது. கொடுமை என்னவென்றால் அமெச்சூர் என்பதால் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் இருந்த பரிசுத்தொகையைத் தொட முடியவில்லை, அது இரண்டாவது வந்தவருக்குப் போனது. கோப்பை மட்டும் கையில்! சில நாளில் ப்ரோ ஆகிவிட்டார்.

பத்தொன்பதாவது குழி:
தம்பி, முப்பது வருடத்துக்கு ஒருவர் செய்ததை வைத்து ஒரு பையனின் படிப்பை முடிவு பண்ண முடியுமா?

கேடி ஷெட்:
நீங்கள் இரண்டு பேரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். நம்ம இந்திய ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவுக்கு ஜூனியர் அமெச்சூர் பட்டமும் இல்லை, காலேஜும் இல்லை. அப்பா கொல்கத்தா ராயல் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர், பையன் அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். 2008-ல் டெல்லியில் ஐரோப்பிய டூர் போட்டியை ஜெயித்தார். 2015 இந்தியன் ஓப்பனில் இன்னொரு இந்தியரான அனிர்பன் லாஹிரியிடம் ப்ளேஆஃபில் தோற்று, 2016, 2017 இரண்டு வருடமும் அதே ஓப்பனைத் தூக்கினார். 2009-ல் அந்த ஓப்பனை ஜெயித்த முனியப்பா பெங்களூரில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பை தூக்குபவராக, இருந்தவர். இங்கேயும் பை தூக்கும் பசங்களில் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஜூனியர் போட்டிக்கு ஊர் ஊராகப் போகக் காசு யார் கொடுப்பது?

அப்புறம் சித்தப்பா, பையன் மே மாதம் மத்தியானத்தில் எப்படி ஆடுகிறான் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். நம்ம ஊர் புழுக்கத்தில் நாலு குழி முடிவதற்குள் க்ளவுஸ் ஈரமாகிவிடும், கிரிப் வழுக்கும், அப்போது நிறைய பசங்க மட்டையை இறுக்கிப் பிடிக்க ஆரம்பிப்பார்கள், பந்து திசை மாறிப் பறக்கும். மாற்று க்ளவுஸை ஜிப் கவரில் போட்டு வைத்து, துண்டால் கிரிப்பைத் துடைத்து, அவசரப்படாமல் அடுத்த ஷாட்டுக்கு நிற்கிறானா என்று கவனியுங்கள். கோப்பையை விட எனக்கு அது முக்கியம்.

மடிப்பாக்கம் அம்மா:
என் பெண்ணும் ஜூனியரில் ஆடுகிறாள், அதனால் சொல்கிறேன். நம்ம இந்தியப் பெண் அதிதி அசோக் 2015-ல் பிரிட்டிஷ் அமெச்சூர் ஸ்ட்ரோக் ப்ளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) பட்டம் வாங்கி, ஐரோப்பிய பெண்கள் டூரின் தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்து, 2016-ல் 18 வயதில் பெண்கள் இந்தியன் ஓப்பனையும் கையோடு கத்தார் போட்டியையும் ஜெயித்தாள். இதைக் கேட்டால் சுலபமாகத் தெரியும். ரியோ ஒலிம்பிக்கில் அப்பா கேடி, டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா கேடி, குடும்பமே ஒரு பையின் பின்னால் நடந்திருக்கிறது. உங்கள் அண்ணன் அதற்குத் தயாரா என்று கேளுங்கள். கட் தாண்டாத வாரம் பெரும்பாலும் ஒரு பைசா வராது, விமான டிக்கெட்டும் ஹோட்டலும் கைக்காசுதான்.

ஸ்பான்சர் கிடைக்கும் என்பதற்காக ப்ரோ ஆக வேண்டாம். 2022-ல் விதி மாறிவிட்டது, இப்போது அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சர் வாங்கலாம், பரிசுப் பணத்துக்குத்தான் வரம்பு உண்டு.

வேளச்சேரி சித்தப்பா:
எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை, அண்ணி மட்டும் கட்டைவிரல் போட்டிருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம், ப்ரோ ஆகிவிட்டு சரிப்படவில்லை என்றால் திரும்ப அமெச்சூர் ஆக முடியுமா?

பத்தொன்பதாவது குழி:
முடியும் சார், விண்ணப்பிக்கணும், கொஞ்ச காலம் காத்திருக்கணும். நிறைய பேர் அப்படித் திரும்பி வந்து கிளப்பில் ஜாலியாக ஆடுகிறார்கள். ஸ்கூலுக்கு அந்த மாதிரி விண்ணப்பம் கிடையாது, அதைப் பையன் தொடரட்டும்.