ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டு) பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது, பெரிய கார்டு வாங்கலாமா?

பாயான்வாசி:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் சர்க்யூட் போர்டுகளைப் படமெடுத்து, குறையுள்ளதை ஒதுக்கும் பரிசோதனை லைன். கேமராவிலிருந்து 1920×1080 ஜேபெக் படங்கள். பைடார்ச் (பைத்தானில் ஏஐ மாடல் ஓட்டும் நூலகம்), ஒரே லூப்: டீகோட் (ஜேபெக்கை விரிப்பது) 9 மில்லிசெகண்ட், ஜிபியூவுக்கு காப்பி 1, மாடல் 6, முடிவைப் பிரிப்பது 4. ஆக 20, நொடிக்கு 50 படம். தேவை 120. கார்டை மாற்றச் சொல்கிறார்கள்.

செந்தூல்காரர்:
மாற்றாதீர்கள். 20-இல் 6தான் கார்டின் கணக்கு வேலை. மாடல் நேரம் பாதியானாலும் மொத்தம் 17, நொடிக்கு 59 படம்தான். வேலைகளைத் தனித்தனி த்ரெட்டாக (இணையாக ஓடும் வேலைப் பிரிவு) பிரித்து நடுவில் க்யூ (காத்திருப்பு வரிசை) வையுங்கள். அப்புறம் கூட்டுத்தொகை பேசாது, ஆக மெதுவான கட்டம்தான் பேசும்: டீகோட் 9, அதாவது 111 படம். டீகோடுக்கு இரண்டு த்ரெட் விட்டால் அடுத்த தடை மாடலின் 6, நொடிக்கு 166 வரை. ஓபன்சிவி (பட நூலகம்) டீகோட் செய்யும்போது பைத்தானின் ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடு ஓட்டவிடுவது) விட்டுவிடும், அதனால் த்ரெட்டே போதும்.

க்யூவுக்கு 3, 4 என்று அளவு வையுங்கள். அளவில்லாமல் விட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும், போர்டு கடந்துபோன பிறகு முடிவு வரும்.

பாயான்வாசி:
செய்தாயிற்று. நொடிக்கு 90 படத்திலேயே நிற்கிறது.

ஜெலுத்தோங்:
அந்த 90-ஏ துப்பு. 1+6+4=11, இந்த மூன்றும் இன்னும் ஒரே வரிசையில்தான் ஓடுகின்றன. மாடல் முடிந்ததும் அதே த்ரெட்டில் முடிவை சிபியூவுக்கு இழுக்கிறீர்களா? அந்த அழைப்பு ஜிபியூ முடியும்வரை த்ரெட்டை நிறுத்திவிடும், அடுத்த படத்தை யாரும் அனுப்பமாட்டார்கள். முடிவை பின்டு மெமரிக்கு (இடம் மாறாதபடி பூட்டிய ரேம்) நான்-பிளாக்கிங்காக (முடியும்வரை காத்திருக்காமல்) காப்பி செய்து, ஒரு சிஊடா ஈவென்ட் (அதுவரையான ஜிபியூ வேலை முடிந்ததைக் காட்டும் அடையாளம்) பதிந்து, அடுத்த க்யூவில் போடுங்கள். காத்திருப்பது பிரிக்கும் பக்கத்தின் வேலை. அந்தப் பிரிப்பு வெறும் பைத்தான் லூப் என்றால் ஜிஐஎல்லைப் பிடித்துக்கொண்டு மாடல் த்ரெட்டையும் இழுக்கும், தனி ப்ராசஸுக்கு மாற்றுங்கள்.

உள்ளே போகும் காப்பிக்கும் பின்டு மெமரி வேண்டும், தனி ஸ்ட்ரீமும் (ஜிபியூவின் வேலை வரிசை) வேண்டும். சாதாரண மெமரியிலிருந்து காப்பி செய்தால் நான்-பிளாக்கிங் என்று எழுதினாலும் பலன் இராது. இரண்டு பஃபர் (படத்தை வைக்கும் மெமரி இடம்) மாற்றி மாற்றி வையுங்கள். ஈவென்ட் முடியுமுன் பழைய பஃபரில் எழுதினால் பாதிப்படம் இது, பாதிப்படம் அது. எர்ரர் எதுவும் வராது, தவறான ரிஜெக்ட்தான் வரும். மாடல் ஸ்ட்ரீம் காப்பியின் ஈவென்டுக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

செந்தூல்காரர்:
என்விடியா-எஸ்எம்ஐ (ஜிபியூ நிலை காட்டும் கருவி) காட்டும் சதவீதத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ஏதோ ஒரு கெர்னல் (ஜிபியூவில் ஓடும் சிறு நிரல்) ஓடிய நேரத்தைத்தான் அது எண்ணும், கார்டு முழுதும் நிரம்பியதா என்று சொல்லாது. என்சைட் சிஸ்டம்ஸில் (எது எப்போது ஓடியது என்று காட்டும் கருவி) கெர்னல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு நான்கு படமாகச் சேர்த்து பேட்ச் போட்டு மாடலுக்குக் கொடுத்தால் வேகம் இன்னும் கூடலாம். ஆனால் நொடிக்கு 120 படம் வரும்போது முதல் படம் மற்ற மூன்றுக்காக 25 மில்லிசெகண்ட் காத்திருக்கும். கேமராவிலிருந்து ரிஜெக்ட் கை (குறையுள்ள போர்டைத் தள்ளுவது) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்துவிட்டுத் தொடுங்கள்.