சிபிஆர் (இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி): வாயில் ஊதியே ஆக வேண்டுமா?

தறிக்காரன்: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு குழல்) வைத்திருக்கிறது, வீட்டில் நானும் அம்மாவும்தான். திடீரென மயங்கி விழுந்தால் ஊதவும் வேண்டுமா, நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதுமா?

சேலம் நர்ஸ்: பயிற்சி இல்லையென்றால் அழுத்தினாலே போதும் தம்பி. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை அல்லது விட்டுவிட்டு இழுக்கிறது (அந்த இழுப்பை மூச்சு என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்) என்றால், 108-ஐ ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல் 5 செ.மீ. அமுங்குமளவுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

தறிக்காரன்: விலா எலும்பு உடைந்துவிடாதா அக்கா?

சேலம் நர்ஸ்: உடையலாம், அது அப்புறம் கூடிவிடும். நிறுத்தாதீர்கள்.

முத்து: ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விடணும். கை ஓய்ந்துவிடும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை அம்மாவோடு மாற்றிக்கொள்ளுங்கள்.